தராசு இல்லாமல் எடை சொல்றவங்க!

இந்த வாரம் வந்த கவர்களில் ஒன்று மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தது. பிரித்தால், ரெக்கார்டு நோட்டில் இருந்து கிழித்த ஆறு பக்கம். பி.எஸ்ஸி. பிஸிக்ஸ், மூன்றாவது வருஷம். ஊர் குந்தாரப்பள்ளி பக்கம். 'பேர் போட வேண்டாம் அண்ணா' என்று முதல் வரியிலேயே அடிக்கோடு போட்டு எழுதியிருக்கார். ஏன் என்று படித்தால் உங்களுக்கே புரியும்.

'அண்ணா, போன வெள்ளிக்கிழமை எங்க ஊர் ஆட்டுச் சந்தை. அப்பாவுக்கு ஒத்தாசையா நான் ஆடு பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஓசூர்ல இருந்து மாமாவும் வந்திருந்தார். டீ குடிக்கும்போது வாய் சும்மா இருக்கலை. மாமா, வாஸ்ப்-127 பி-ன்னு ஒரு கிரகம் இருக்கு, அங்கே காத்து மணிக்கு 33 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்துல அடிக்குதுன்னு சொல்லிட்டேன்.

மாமா டீ கிளாஸைக் கீழே வெச்சார். "எந்த ஊர்ல?" "500 ஒளியாண்டுக்கு அந்தப் பக்கம்." "யார் போய்ப் பார்த்தாங்க?" "யாரும் போகலை மாமா." "போட்டோவாவது இருக்கா?" "இல்லை. வெறும் வெளிச்சத்தை வெச்சுத்தான்..." அவ்வளவுதான். சுத்தி நின்ன வியாபாரிங்க அத்தனை பேரும் சிரிச்சுட்டாங்க. "மூணு வருஷம் காலேஜ் அனுப்பினதுக்கு இதான் படிச்சியா? கம்பெனியில ட்ரெய்னி ஆள் எடுக்கறாங்க. ஒண்ணாம் தேதி வந்து சேரு. டிகிரியை அப்புறம் பார்த்துக்கலாம்"னுட்டார் மாமா. அப்பா எதுவும் பேசலை. தங்கச்சிக்கு அடுத்த வருஷம் பிளஸ் டூ.

வேலைக்குப் போறதுல எனக்கு வருத்தமில்லை அண்ணா. ஆனா அவங்க சிரிச்சப்போ, ஒரு செகண்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அந்தக் காத்தோட வேகம் இவங்களுக்கு நிஜமாவே தெரியுமா? இல்லை, நானும் சேர்ந்து ரீல்தான் விட்டேனா?'

தம்பி, கடைசி மூணு வரிக்காகவே உங்களுக்கு ஒரு ஸ்பெஷல் டீ. நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க. மற்ற ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இது குந்தாரப்பள்ளி ஸ்பெஷல்!

பதில் சந்தையிலேயே இருக்கு

முதலில் உங்க அப்பாவைப் பற்றி. சந்தையில் ஆட்டுக்கு விலை பேசும்போது தராசு வைத்தா பேசுகிறார்? முதுகில் கையை வைத்து ஓர் அமுக்கு. பின்னங்காலைப் பிடித்து லேசாக ஒரு தூக்கு. பல்லைப் பிடித்துப் பார்த்து வயசு. 'பதினாலு கிலோ கறி தேறும், முன்னப்பின்ன ஒரு கிலோ.' அதை நம்பித்தானே கர்நாடகாவில் இருந்தும் ஆந்திராவில் இருந்தும் வந்த வியாபாரி காசை எண்ணுகிறார்? ஆட்டை அறுத்து உள்ளே பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால், வெளியே தெரிகிற அடையாளத்தை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கு. பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி, தப்பாகித் தப்பாகி, சரி பண்ணின முறை.

வானியல் ஆட்கள் செய்வதும் இதேதான் தம்பி. அந்த 'முன்னப்பின்ன ஒரு கிலோ'வை மட்டும் மறந்துடாதீங்க. கடைசியில் அதுதான் ஹீரோ.

அடுப்பில் ஒரு துளி உப்புத் தண்ணி

இன்னிக்கு ராத்திரி அம்மாவைக் கேட்டுக்கொண்டு, கேஸ் அடுப்பின் நீலச் சுவாலையில் ஒரு துளி உப்புத் தண்ணி தெளியுங்க. பளிச்சென்று மஞ்சள் அடிக்கும். அது சோடியம். ஹைவேயில் எல்.இ.டி. வருவதற்கு முன்னாடி நின்ற மஞ்சள் விளக்குகளும் இதே சோடியம்தான். சோடியத்துக்கென்று 589 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு ஜோடி மஞ்சள் கோடு உண்டு. சூடாக இருந்தால் அந்த நிறத்தை உமிழும். பின்னால் அதைவிடச் சூடான விளக்கு இருந்தால் அதே நிறத்தை விழுங்கும். உங்கள் அடுப்பிலும் இதே கோடு, சூரியனிலும் இதே கோடு. இடத்துக்கு இடம் மாறாத கைரேகை.

இப்போ 150 ஒளியாண்டு தள்ளி ஒரு நட்சத்திரம். பெயர் ஹெச்.டி. 209458. அதை மூன்றரை நாளுக்கு ஒரு தடவை சுற்றி வருகிற ராட்சச வாயுக் கிரகம், நமக்கும் நட்சத்திரத்துக்கும் குறுக்கே போகும். அப்போது நட்சத்திர வெளிச்சம் ஒன்றரை சதவிகிதம் குறையும். 1999-ல் இதைப் பார்த்தார்கள். குறுக்கே போகும்போது, கிரகத்தின் ஓரத்தில் இருக்கிற காற்றுப் படலத்துக்குள்ளும் கொஞ்சம் வெளிச்சம் நுழைந்து வரும் இல்லையா? அங்கே சோடியம் இருந்தால், அந்த மஞ்சள் நிறத்தில் மட்டும் கிரகம் துளியூண்டு பெரிசாகத் தெரியும். 2001-ல் டேவிட் சார்போனோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஹப்பிள் டெலஸ்கோப்பை வைத்து இதை அளந்தார்கள். பத்தாயிரத்தில் இரண்டு பங்கு அதிக இருட்டு, சரியாக அந்த மஞ்சள் கோட்டில். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கிரகத்தின் காற்றில் மனிதன் முதன்முதலாகக் கண்டுபிடித்தது, நம்ம சமையல்கட்டு உப்பில் இருக்கிற அதே சாமான்!

இந்த வித்தைக்கு நம்ம பக்கத்து ஊர்களிலும் பழைய கதை உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணம். குண்டூரில் பிரான்ஸ் நாட்டு ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன். சூரியனின் ஓரத்தில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு சோடியத்தின் இடத்தில் கச்சிதமாக உட்காரவில்லை. அது புது தனிமம் என்று இங்கிலாந்தின் லாக்யர் சொன்னார். அதுதான் ஹீலியம். பூமியில் அது கையில் சிக்கியது 1895-ல்தான். யாரும் போய்ப் பார்க்காத இடத்தில் முதலில் கண்டுபிடித்து, 27 வருஷம் கழித்து வீட்டில் கண்டெடுத்த பொருள்! 2018-ல் வாஸ்ப்-107 பி என்கிற தூரத்துக் கிரகத்தின் காற்றிலும் அதே ஹீலியம் அகப்பட்டது. மாமாவிடம் முதலில் இந்தக் கதையைச் சொல்லுங்க.

ஹாரன் சொல்லும் வேகம்

சரி, காற்றில் என்ன இருக்கு என்று தெரிந்தது. அது ஓடுகிற வேகம்?

குந்தாரப்பள்ளியில் ரோட்டோரம் நின்றுகொண்டு கண்ணை மூடிக்குங்க. பெங்களூர் போகிற லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வருது. உங்களை நோக்கி வரும்போது 'பீ...', தாண்டின அடுத்த நொடி 'போ...' என்று சத்தம் இறங்கும். டிரைவர் ஹாரனை மாற்றவில்லை. வண்டியின் வேகம்தான் சத்தத்தை மாற்றியது. எவ்வளவு இறங்கியது என்று தெரிந்தால் ஸ்பீடா மீட்டரைப் பார்க்காமலே வேகம் சொல்லலாம். டாப்ளர் விளைவு. ஸ்கூல் பிஸிக்ஸில் படித்த அதே சமாச்சாரம்!

ஒளிக்கும் இதே கதை. நம்மை நோக்கி வருகிற வாயுவின் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போவது சிவப்புப் பக்கம் நகரும். இதை வைத்து, போய்த் தொட முடியாத இடத்து வாயுவின் ஓட்டத்தை அளந்த ஒரு பெரிய கண்டுபிடிப்பு நடந்தது எங்கே தெரியுமா? கொடைக்கானல்! 1909 ஜனவரியில் அங்கே இருந்த வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று கோடுகளின் நகர்வை வைத்தே சொன்னார். வேகம் வினாடிக்கு ஓரிரு கிலோமீட்டர். 'எவர்ஷெட் விளைவு' என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கு. நாம்தான் கொடைக்கானல் என்றால் போட்டிங், குதிரை, ஹோம்மேட் சாக்லேட்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சரியாக 101 வருஷம் கழித்து, 2010-ல் ஹாலந்தின் இக்னாஸ் ஸ்நெல்லன் குழு சிலி நாட்டுப் பெரிய டெலஸ்கோப்பில் அதே ஹெச்.டி. 209458 பி-யைப் பார்த்தது. கார்பன் மோனாக்சைடு கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்து நீலப் பக்கம் நகர்ந்திருந்தன. வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. 2015-ல் ஹெச்.டி. 189733 பி என்கிற இன்னொரு கிரகத்தில், இரண்டு ஓரத்தையும் தனித்தனியாகப் பிரித்தே அளந்தார்கள்.

உங்க வாஸ்ப்-127 பி-க்கு வருவோம். வியாழனைவிடக் கொஞ்சம் பெரிய உருவம், ஆனால் எடை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத பஞ்சு மிட்டாய் கிரகம். 2025 ஜனவரியில் வந்த முடிவு இது. நீராவி, கார்பன் மோனாக்சைடு கோடுகள் இரண்டாகப் பிரிந்து நின்றன. ஒரு பாதி நம்மை நோக்கி, மறு பாதி நம்மை விட்டு. கிரகத்தின் இடுப்பைச் சுற்றி ஒரு காற்று ஆறு. வேகம் வினாடிக்குச் சுமார் 9 கிலோமீட்டர். கிரகம் தன்னைத்தானே சுற்றுகிற வேகத்தைப் போல கிட்டத்தட்ட ஆறு மடங்கு.

இதை நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரிக்கு ஆறே செகண்டு! 2016-ல் சென்னையைப் புரட்டிப் போட்ட வர்தா புயல் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டினதற்கே ஊர் முழுக்க மரம் சாய்ந்தது. நம்ம சூரியக் குடும்பத்தில் நம்பர் ஒன் காற்று நெப்டியூனில். அதுவே வினாடிக்கு அரை கிலோமீட்டர்தான். ஆக, தம்பி, நீங்க சொன்ன 33 ஆயிரம் ரீல் இல்லை. அளந்த கணக்கு.

அங்கே ஏன் அப்படி அடிக்குது?

முதன்முதலில் சூரியன் மாதிரி நட்சத்திரத்தைச் சுற்றுகிற ஒரு வெளிக் கிரகத்தை 1995-ல் மேயர், கெலோ என்று இரண்டு பேர் கண்டுபிடித்தபோது யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. வியாழன் சைஸ் கிரகம், நாலே நாளில் ஒரு வருஷம். 'இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பெரிசு எப்படி?' என்று அப்போதும் சிரித்தவர்கள் இருந்தார்கள். 2019-ல் அந்த இரண்டு பேருக்கும் நோபல் பரிசு. இன்றைக்குத் தெரிந்த வெளிக் கிரகங்கள் ஆறாயிரத்தைத் தாண்டியாச்சு.

இந்த மாதிரி 'சூடான வியாழன்'கள் நட்சத்திரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிற மாதிரி, நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும். ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர ராத்திரி. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கிணறு. இரண்டுக்கும் நடுவில் காற்று சும்மா இருக்குமா? சூட்டை அள்ளிக்கொண்டு ஓடும். கிரகம் சுழலவும் செய்வதால், அந்த ஓட்டம் நடு இடுப்பில் கிழக்கு நோக்கிய ஒரே வேகப் பாதையாகச் சேர்ந்துவிடும்.

இதை 2002-லேயே ஆடம் ஷோமன், ட்ரிஸ்டன் கியோ என்ற இரண்டு பேர் கணக்குப் போட்டு, 'அங்கே அதிகபட்சச் சூடு நட்சத்திரத்துக்கு நேர் கீழே இருக்காது, கிழக்கே தள்ளி இருக்கும்' என்று எழுதினார்கள். 2007-ல் ஹெதர் நட்சன் குழு ஸ்பிட்ஸர் டெலஸ்கோப்பில் ஹெச்.டி. 189733 பி-யின் வெப்ப வரைபடத்தைப் போட்டது. சூடான இடம் கிழக்கே தள்ளித்தான் இருந்தது. அதாவது அங்கேயும் உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு இல்லை, பிற்பகலில்தான்! முன்கூட்டியே சொல்லி, அப்புறம் பார்த்து, சரியாக வந்தது. ரீல் விடுகிறவன் இப்படி முன்கூட்டியே எழுதிக் கொடுத்து மாட்டிக்க மாட்டான் இல்லையா?

வேகமான காற்றுப் பாதை வேற்றுக் கிரக சமாச்சாரம் மட்டும் இல்லை. ஆடி மாசம் குந்தாரப்பள்ளியில் நின்றால் மேற்கில் இருந்து காற்று சட்டையைப் பறிக்கும். ஆனால், உங்க தலைக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டரில் அதே நேரத்தில் கிழக்கில் இருந்து மேற்கே ஒரு காற்று ஆறு, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். தென்னிந்தியா மேல் ஓடுகிற இந்தக் கீழைக் காற்றோட்டத்தை 1950-களில் உலகத்துக்குச் சொன்னவர் நம்ம இந்திய வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம். தலைக்கு மேலேயே ஓடுகிறதைக் கண்ணால் பார்க்க முடியலை. அதுக்காக இல்லைன்னு ஆயிடுமா?

தூங்கிப் போன பஸ் பயணி

இப்போ கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, ஈக்குவேஷன் கிடையாது.

இந்த ராட்சசக் கிரகங்களில் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். அதில் கொஞ்சம் கார்பன், ஆக்ஸிஜன், கந்தகம். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு என்றால், கார்பன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக இருக்கும். சூடு குறைந்தால், ஹைட்ரஜனோடு சேர்ந்து மீத்தேனாக மாறும். அதனால் எந்த வாயு இருக்கு என்று தெரிந்தால் அதுவே ஒரு தெர்மாமீட்டர்.

இங்கேதான் ட்விஸ்ட். வாஸ்ப்-43 பி என்ற கிரகம், இருபது மணி நேரத்துக்குள் ஒரு வருஷம் முடிஞ்சுடும். 2024-ல் ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் அளந்தபடி பகல் பக்கம் சுமார் 1,250 டிகிரி, ராத்திரி பக்கம் சுமார் 600 டிகிரி செல்சியஸ். அப்போ ராத்திரி பக்கம் மீத்தேன் நிறைய இருக்கணும் இல்லையா? தேடினார்கள். காணோம்!

ஏன் என்றால், காற்று. நைட் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் தூங்கினவன் கதைதான். பஸ் மெதுவாகப் போனால் முழிப்பு வந்து ஸ்டாப்பிங்கில் இறங்கிடுவான். டிரைவர் விரட்டினால், முழிப்பு வருவதற்குள் ஊரே தாண்டிப் போயிருக்கும். கார்பன் மோனாக்சைடு மீத்தேனாக மாற நேரம் வேணும். மணிக்குச் சுமார் 8,000 கிலோமீட்டர் காற்று அதை ராத்திரி பக்கத்தைக் கடக்க வைத்து, மறுபடி பகலுக்கே கொண்டு வந்து விட்டுடுது. மாற நேரமே இல்லை. இல்லாத மீத்தேனை வைத்தே காற்றின் வேகத்துக்கு சாட்சி பிடித்தார்கள். காற்று கெமிஸ்ட்ரியை மாற்றுது, கெமிஸ்ட்ரி காற்றைக் காட்டிக்கொடுக்குது.

வெயிலும் சமைக்கும். 700 ஒளியாண்டு தள்ளி இருக்கிற வாஸ்ப்-39 பி-யில் கந்தக டை ஆக்சைடு இருப்பதை ஜேம்ஸ் வெப் பார்த்தது. முழு விளக்கம் 2023-ல் வந்தது. நட்சத்திரத்தின் புற ஊதாக்கதிர் நீராவியை உடைக்க, உடைந்த துண்டுகள் கந்தகத்தோடு சேர்ந்து இந்த வாயு உருவாகுது. வெளிக் கிரகம் ஒன்றில் வெயில் நடத்துகிற வேதிவினை கையும் களவுமாகப் பிடிபட்டது அதுதான் முதல் தடவை. ஹெச்.டி. 189733 பி-யில் 2024-ல் ஹைட்ரஜன் சல்ஃபைடு. நம்ம காலேஜ் லேபில் சால்ட் அனாலிசிஸ் பண்ணும்போது காரிடார் முழுக்க வருமே, அதே அழுகின முட்டை நாற்றம்!

தப்பான கதையையும் சொல்லணும்

தம்பி, இதுவரை ஜெயிச்ச கதையாகச் சொன்னேன். மாமா கேட்டால் தோற்ற கதையையும் மறைக்காமல் சொல்லுங்க.

கிருஷ்ணகிரி, பர்கூர், வாணியம்பாடி, ஆலங்காயம் என்று பஸ் மாறிப் போனால், ஜவ்வாது மலையில் காவலூர். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான். 1972 ஜூன் 7 ராத்திரி, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. காவலூரிலும் ஜாவாவிலும் இருந்து பார்த்தார்கள். நட்சத்திரம் சட்டென்று அணையாமல் மங்கின விதத்தை வைத்து, 'கானிமீடுக்குக் காற்று மண்டலம் இருக்கு' என்று முடிவு சொன்னார்கள். முறை சரிதான். இன்றைக்கு வெளிக் கிரகத்தில் செய்வதற்கு அது ஒண்ணுவிட்ட அண்ணன் முறை. ஆனால், 1979-ல் வாயேஜர் பக்கத்தில் போய் அளந்தபோது, சொன்ன அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1990-களில் ஹப்பிள் பார்த்தபோது, ரொம்ப ரொம்ப மெல்லிசான ஆக்ஸிஜன் மட்டும் இருந்தது. அதே காவலூரில் அதே முறையில் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியபோது எதிர்பாராத மங்கல் பதிவாச்சு. அது யுரேனஸின் வளையங்களுக்கு ஒரு சாட்சி. அது மட்டும் இன்றுவரை அசையாமல் நிற்குது.

புதுக் கதையும் உண்டு. வாரணாசியில் பி.டெக். படித்து, இப்போது கேம்ப்ரிட்ஜில் இருக்கிற நிக்கு மதுசூதன், இந்தத் துறையில் பெரிய பெயர். 124 ஒளியாண்டு தள்ளி இருக்கிற கே2-18 பி, பூமிக்கும் நெப்டியூனுக்கும் நடுவில் ஒரு சைஸ். 2019-ல் அதில் நீராவி என்று உலகமே கொண்டாடியது. 2023-ல் மதுசூதன் குழு ஜேம்ஸ் வெப்பில் பார்த்தால், மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும். பழைய டேட்டாவில் நீராவி என்று நினைத்தது மீத்தேனாகவே இருந்திருக்கலாம். 2025 ஏப்ரலில் அதே குழு, பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடும் டைமெத்தில் சல்ஃபைடு மாதிரி ஒன்றின் அடையாளம் இருக்கு என்றது. 'வேற்று உயிர்!' என்று டி.வி.யில் ஒரே கூச்சல். ஆனால், அவர்கள் சொன்ன நம்பகம் மூணு சிக்மா. அதாவது தற்செயலாக இப்படி ஒரு சிக்னல் தெரிய ஆயிரத்தில் மூணு வாய்ப்பு. கண்டுபிடிப்பு என்று முத்திரை குத்த ஐந்து சிக்மா, பல லட்சத்தில் ஒரு வாய்ப்பு, வேணும். மற்ற குழுக்கள் அதே டேட்டாவை வேறு விதமாகப் பிரித்துப் பார்த்து, 'சிக்னல் நிக்கலையே' என்றார்கள்.

கவனிச்சீங்களா? இதுதான் உங்க அப்பாவோட 'முன்னப்பின்ன ஒரு கிலோ'. எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்று தானே சொல்லிட்டு விலை பேசுகிறவன் வியாபாரி. 'அச்சு அசலா பதினாலு கிலோ, அடிச்சு சொல்றேன்' என்று சத்தியம் பண்ணுகிறவனிடம்தான் உஷாராக இருக்கணும். வாஸ்ப்-127 பி-யில் காற்று இருப்பது ஒரு தராசுத் தட்டு. கே2-18 பி-யில் உயிர் இருப்பது வேறு தட்டு. இரண்டையும் ஒரே குரலில் சொன்னால், அப்போது அது ரீல்!

சரி, மாமா விஷயம்?

மாமாவை வில்லனாக்காதீங்க. அவர் கேட்டது சரியான கேள்வி. 'யார் போய்ப் பார்த்தாங்க?' என்பதைவிட நல்ல அறிவியல் கேள்வி இல்லை. பதில் சொல்ல உங்களிடம் அன்னிக்கு ஹாரனும் உப்பும் இல்லை, அவ்வளவுதான்.

வேலை? உண்மையைச் சொல்லிடறேன். வெளிக் கிரக ஆராய்ச்சிக்கென்று இந்தியாவில் இருக்கிற நாற்காலிகள் கொஞ்சம்தான். ஜாம் எழுதி எம்.எஸ்ஸி., அப்புறம் ஜெஸ்ட் எழுதி பிஹெச்.டி. என்று நீளமான ரோடு. எல்லோரும் போய்ச் சேர மாட்டாங்க. ஆனால், வழியில் கற்றுக்கொள்வது வீண் போகாது. ஒரு வார்ப்பட ஆலைக்குப் போய்ப் பாருங்க. உருக்கின இரும்பில் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று 'ஸ்பெக்ட்ரோ' மெஷினில் ஒரு பொறி தட்டி, வெளிச்சத்தைப் பிரித்துத்தான் சொல்வார்கள். ஹப்பிள் அந்தக் கிரகத்தில் சோடியம் பிடித்த அதே வித்தை. மாமாவோட உலகத்திலும் வெளிச்சத்தை வைத்துத்தான் வியாபாரம் நடக்குது!

அதனால், சந்தைக்காரர் பிள்ளையாகப் பேரம் பேசுங்க. 'வேலைக்கு வர்றேன் மாமா, பரீட்சை முடிச்சிட்டு வர்றேன். மூணு வருஷத்துல ரெண்டரை வருஷம் தீனி போட்டு வளர்த்த ஆட்டை, சந்தைக்கு முந்தின வாரம் அரை விலைக்கு யாராவது விப்பாங்களா?' இதைக் கேட்டு ஆட்டு வியாபாரி சிரிச்சால் அது வேற சிரிப்பு.

அதுவரை உங்க மனசுக்கு ஒரு தகவல். 2019-ல் உலக வானியல் சங்கம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கிரகத்தையும் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னது. நமக்கு வந்தது ஒரு சூடான வியாழன், இரண்டு நாளுக்குக் கொஞ்சம் மேலே ஒரு வருஷம். நட்சத்திரத்துக்கு 'பிபா', இயற்பியலாளர் பிபா சௌதுரி நினைவாக. கிரகத்துக்கு 'சந்தமாசா', சமஸ்கிருதத்தில் மேகம் சூழ்ந்தது என்று அர்த்தம். பெயர்களைச் சொன்னது சூரத்தில் ஒரு காலேஜ் மாணவரும் புனேவில் ஒரு ஸ்கூல் பையனும். அந்த மேகத்துக்கு நடுவே காற்று எவ்வளவு வேகம் என்று சொல்ல ஒரு ஆள் வேணும். குந்தாரப்பள்ளிக்காரர் சொன்னால் வேண்டாம் என்பார்களா?

கடைசியாக ஒரு ஹோம்வொர்க். வர்ற வெள்ளிக்கிழமை சந்தையில் அப்பாவோடு நில்லுங்க. பத்து ஆட்டுக்கு அவர் கையால் பார்த்துச் சொல்கிற உயிர் எடையை நோட்டில் எழுதுங்க, அந்த 'முன்னப்பின்ன'வோடு சேர்த்து. அப்புறம் ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றிப் பாருங்க. வித்தியாசத்தை ஒரு கிராஃபாகப் போட்டு அப்பாவிடம் காட்டுங்க. போன வாரம் பேசாமல் இருந்தவர் இந்தத் தடவை பேசுவார் என்று நினைக்கிறேன்.

ரிசல்ட்டை எனக்கும் அனுப்புங்க தம்பி. எத்தனை சிக்மா என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

அடுத்த வாரம் சந்திப்போமா?